அமெரிக்கால இருந்து ஜெர்மனிக்கு மாறி வர்றீங்களா? முதல் ஆறு மாசத்துக்கு ஒரு வழிகாட்டி

ஹெச்1பிலயும் கிரீன் கார்டு வரிசையிலயும் வருஷக்கணக்கா காத்திருந்துட்டு, போதும்னு ப்ளூ கார்டுங்கற வேலை அனுமதி வாங்கிக்கிட்டு ஜெர்மனிக்கு மாறி வர்ற நம்ம ஆளுங்கள இப்ப அடிக்கடி பாக்கறேன். ஊர்ல இருந்து நேரா வர்றவங்க எல்லாமே புதுசுன்னு உஷாரா இருப்பாங்க, கேட்டுக் கேட்டு செய்வாங்க. அமெரிக்கால இருந்து வர்றவங்க அப்படி இல்ல, டெக்சாஸ்ல பத்து வருஷம் இருந்தாச்சு இது என்ன பெரிய விஷயம்னு தைரியமா வந்து இறங்கறாங்க, முதல் ஞாயித்துக்கிழமையே பால் வாங்கக் கடை இல்லாம குழந்தைய வச்சுக்கிட்டு நிக்கறாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். விசா, வரி எல்லாம் விளக்க நிறைய பேர் இருக்காங்க, நான் சொல்லப் போறது தினசரிப் பழக்கம். அமெரிக்காக்காரங்களும் ஜெர்மன்காரங்களும் எங்க வேறபடறாங்க, அதுக்கு நாம என்ன பண்ணணும், அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வாங்கிக்கோங்க, மத்த பாதி விஷயம் இதுல இருந்துதான் வருது. அமெரிக்கால மரியாதைன்னா முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டயும் சிரிச்சு ரெண்டு வார்த்தை பேசி அவங்க கூச்சத்தப் போக்கறது. ஜெர்மனில மரியாதைன்னா அடுத்தவங்களோட நேரத்துலயும் இடத்துலயும் அமைதியிலயும் போய் நுழையாம இருக்கறது. லிஃப்ட்ல சிரிக்காம நிக்கற ஆளு உங்கள வெறுக்கல, உங்கள தொந்தரவு பண்ணாம விட்டுருக்காரு. இது புரியாத வரைக்கும் ஊரே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கற மாதிரிதான் தெரியும்.

முதல் ஸ்டெப்: அட்ரஸ் பதியறது, தபால் பெட்டில பேர் ஒட்டறது

அமெரிக்கால வீடு மாறினா நம்மள மாதிரி விசாக்காரங்க அட்ரஸ் மாறினதச் சொல்ற ஏஆர்-11 ஃபார்ம ஆன்லைன்ல போட்டுட்டு மறந்துருவோம். இங்க குடிமக்களும் சேத்து எல்லாருமே வீட்டுக்குக் குடிவந்த ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல, அதாவது பியூர்கர்ஆம்ட்ல போய் பதியணும். இதுக்குப் பேர் அன்மெல்டுங். வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட ஒரு ஃபார்ம் வேணும், அது இல்லாம நடக்காது. அதனால வர்றதுக்கு முன்னாடி டெம்ப்ரவரியா வீடு பாக்கறப்பவே "அன்மெல்டுங்குக்கு ஃபார்ம் தருவீங்களா"ன்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. தரமாட்டேன்னு சொல்ற வீடு எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம், ஏன்னா வரி நம்பர் இந்தப் பதிவுக்கு அப்புறம்தான் தபால்ல வரும், பேங்க்ல இருந்து குழந்தையோட ஸ்கூல் வரைக்கும் இந்தப் பேப்பரத்தான் கேப்பாங்க. பெரிய ஊர்கள்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கு ஆகும், அதனால ஃப்ளைட் ஏறும் முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணுங்க. இங்க டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், இல்லாம எங்கயும் போய் நிக்கக்கூடாது, முடி வெட்டக்கூட பல கடைல டெர்மின்தான்.

பதியறப்ப மதம் என்னன்னு ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட்னு போட்டா சர்ச் வரி சம்பளத்துல இருந்தே பிடிப்பாங்க, பவேரியாவுலயும் பாடன்-வூர்ட்டம்பர்க்லயும் வருமான வரில 8 சதவீதம், மத்த மாநிலத்துல 9 சதவீதம். அமெரிக்கால சர்ச்சுக்கு விருப்பப்பட்டுக் குடுக்கறதுதான், அரசாங்கம் வசூலிச்சுத் தர்ற பழக்கம் அங்க கிடையாது. நம்ம கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இத யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல.

அடுத்து தபால் பெட்டி. அமெரிக்கால அபார்ட்மென்ட் நம்பர் இருக்கும், யார் பேர்ல லெட்டர் வந்தாலும் அந்த நம்பர் பெட்டில விழும். இங்க பெரும்பாலும் அபார்ட்மென்ட் நம்பரே கிடையாது, பெட்டியிலயும் காலிங் பெல்லுலயும் ஒட்டியிருக்கற பேரத்தான் போஸ்ட்மேன் பாப்பாரு. பேர் இல்லன்னா லெட்டர் திரும்பிப் போயிரும். நம்ம விஷயத்துல இது பெரிய சிக்கல், ஏன்னா புருஷனுக்கு ஒரு கடைசிப் பேர், பொண்டாட்டிக்கு வேற, குழந்தைக்கு அப்பா பேர்னு ஒரே வீட்டுல மூணு பேர் இருக்கும். பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எல்லாத்தையும் வரிசையா எழுதி ஒட்டிருங்க, ஹவுஸ் மேனேஜ்மென்ட்ல கேட்டா அவங்களே பெல்லுக்குப் பட்டை அடிச்சுத் தருவாங்க. பேங்க் கார்டு, பின் நம்பர், இன்சூரன்ஸ் கார்டு எல்லாமே தனித்தனித் தபால்ல வரும், அதனால குடிபோன அன்னைக்கே செய்ய வேண்டிய வேலை இது.

தபால்ல வர்ற எதையும் தூக்கிப் போடாதீங்க. முதல்ல வர்றதுல ஒண்ணு ரேடியோ, டிவி கட்டணம் கேக்கற லெட்டரா இருக்கும், வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ. டிவியே இல்லன்னாலும் கட்டணும், ஆனா ஒரு வீட்டுக்கு ஒருத்தர் கட்டினா போதும். ஒரு பெரிய ஃபைல் வாங்கி துளை போட்டு எல்லாத்தையும் கோத்து வைங்க, அமெரிக்கால கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி முடிக்கற வேலை பலதும் இங்க எழுத்துல இருந்தாதான் செல்லும்.

அதே வாரத்துல ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்ங்கற பொறுப்பு இன்சூரன்ஸ எடுத்துருங்க. உங்க குழந்தை சைக்கிள்ல போய் ஒருத்தர் கார உரசிட்டாலோ, நீங்க தண்ணிக் குழாயத் தொறந்து விட்டுக் கீழ் வீட்டுச் சுவர் நனைஞ்சாலோ அதுதான் காப்பாத்தும். சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா ஜெர்மன்காரங்க பெரும்பாலானவங்க வச்சிருப்பாங்க. விலையும் ரொம்ப கம்மி.

ரெண்டாவது: வீடும் வீட்டு விதிகளும்

விளம்பரத்துல மூணு ரூம்னு போட்டா அமெரிக்க மூணு பெட்ரூம்னு எடுத்துக்காதீங்க, இங்க ஹாலையும் சேத்துத்தான் எண்ணுவாங்க, கிச்சனும் பாத்ரூமும் கணக்குல வராது. மாடிக் கணக்கு மட்டும் நம்ம ஊர் மாதிரிதான், தரைத்தளத்துக்கு மேலதான் முதல் மாடி, அமெரிக்காவோட செகண்ட் ஃப்ளோர் அது. வாடகைல ரெண்டு தொகை இருக்கும், கால்ட்மீட்டன்னா வெறும் வாடகை, வார்ம்மீட்டன்னா ஹீட்டிங், தண்ணி, குப்பை எல்லாம் சேத்து, ஆனா கரென்ட்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் பெரும்பாலும் நீங்க தனியா ஒப்பந்தம் போடணும். அட்வான்ஸா அதிகபட்சம் மூணு மாச கால்ட்மீட்டதான் கேக்க முடியும், அதையும் மூணு தவணையாக் கட்ட சட்டத்துல இடம் இருக்கு.

அமெரிக்கால ஃப்ரிட்ஜ், அடுப்பு, டிஷ்வாஷர் எல்லாம் வீட்டோட வரும். இங்க பல வீட்டுல கிச்சன்னு சொல்ற ரூம்ல போனா தண்ணி பைப்பும் பிளக் பாயின்ட்டும் மட்டும் சுவர்ல நீட்டிக்கிட்டு இருக்கும், பழைய வாடகைக்காரர் அலமாரி, சிங்க், லைட் வரைக்கும் கழட்டி எடுத்துட்டுப் போயிருப்பாரு. அவரே பழைய கிச்சன உங்களுக்கு விக்கறேன்னு கேட்டா பேரம் பேசி வாங்கிக்கறது நல்லது, புதுசா ஆர்டர் பண்ணினா வர மாசக்கணக்கு ஆகும். விளம்பரத்துல ஐன்பௌக்யூஷன்னு போட்டிருந்தா கிச்சன் இருக்குன்னு அர்த்தம்.

இப்ப சத்தம். ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும், அப்புறம் ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் முழுசும் அமைதி நேரம், ரூஹேட்சைட்னு சொல்வாங்க. சில கட்டடத்துல மதியம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் கூட உண்டு, வாடகை ஒப்பந்தத்தோட குடுக்கற ஹௌஸ்ஓர்ட்னுங்ங்கற கட்டட விதித் தாள்ல எழுதியிருக்கும், கட்டாயம் படிங்க. ஞாயித்துக்கிழமை சுவர்ல டிரில் போடக்கூடாது, புல்வெட்டற மிஷின் ஓட்டவே கூடாது. அமெரிக்கால தனி வீட்டுல ஞாயித்துக்கிழமை காலைலதான் நிம்மதியா இட்லிக்கு மாவாட்டியிருப்பீங்க, கிரைண்டர் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. இங்க அபார்ட்மென்ட்ல கிரைண்டர் உறுமல் தரை வழியா ரெண்டு மாடி இறங்கும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆட்டி வச்சிருங்க, கிரைண்டருக்கு அடியில தடியா ஒரு ரப்பர் மேட் போடுங்க. பர்த்டே பார்ட்டி வச்சா நாலு நாள் முன்னாடி படிக்கட்டுல ஒரு சீட்டு ஒட்டுங்க, "இந்த சனிக்கிழமை கொஞ்சம் சத்தம் இருக்கும், தொந்தரவா இருந்தா இந்த நம்பருக்குச் சொல்லுங்க"ன்னு. முன்கூட்டி சொல்லிட்டா பெரும்பாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சொல்லாம செஞ்சாதான் கோபம்.

காத்து விஷயம் நம்ம ஆளுங்க ரொம்ப அலட்சியமா விடற ஒண்ணு. அமெரிக்கால சென்ட்ரல் ஏசி வருஷம் முழுக்க ஓடும், ஜன்னலத் தொறந்த ஞாபகமே இருக்காது. ஜெர்மன் வீடுகள்ல ஏசி அபூர்வம், ஜன்னல் காத்தே புகாத மாதிரி இறுக்கமா மூடும், குளிக்கற ஆவி, சமையல் ஆவி, துணி காயவைக்கற ஈரம் எல்லாம் உள்ளயே தங்கி மூலைல கருப்புப் பூஞ்சை பிடிக்கும். அதனால பனி கொட்டினாலும் காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், ஹீட்டர மூடிட்டு எல்லா ஜன்னலையும் அகலமாத் தொறந்து அஞ்சுல இருந்து பத்து நிமிஷம் விடணும். ஜன்னல லேசா சாய்ச்சு நாள் முழுக்க விடறது தப்பு, சுவர் குளிர்ந்து பூஞ்சை இன்னும் ஜாஸ்தி ஆகும். சாம்பாரும் குழம்பும் தினம் கொதிக்கற வீடு நம்மளோடது, ஆவி அவங்க வீட்ட விட ஜாஸ்தி, அதனால மூணு தரம் தொறந்தாலும் தப்பில்ல. காலி பண்றப்ப பூஞ்சைக்கு உங்க அட்வான்ஸ்லதான் கை வைப்பாங்க.

குப்பை: பேக்கிங் பிளாஸ்டிக்கும் டின்னும் பல ஊர்ல மஞ்சள் டப்பா இல்ல மஞ்சள் பை, பேப்பர் பெரும்பாலும் நீலம், காய்கறிக் கழிவுக்குத் தனி டப்பா, மிச்சம் கருப்பு இல்ல சாம்பல் நிறம். கண்ணாடி பாட்டில் தெரு முனைல இருக்கற பெரிய தொட்டில வெள்ளை, பச்சை, பழுப்புன்னு கலர் பிரிச்சுப் போடணும், அதையும் ராத்திரியிலயோ ஞாயித்துக்கிழமையோ போடக்கூடாது, உடையற சத்தம் கேக்கும்ல. ஸ்டுட்கார்ட் பக்கம் குடிபோறீங்கன்னா கேர்வோஹன்னு ஒரு முறை இருக்கும், படிக்கட்டும் நடைபாதையும் கூட்டற வேலை வாரம் ஒரு வீட்டுக்கு வரும், கதவுல ஒரு பலகை தொங்கினா அந்த வாரம் உங்க முறை.

மூணாவது: கடைக்குப் போறது

ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட், துணிக்கடை, மால் எல்லாம் மூடல். இது ஏதோ பழைய பழக்கம்னு நினைக்காதீங்க, 1919 வைமர் அரசியல் சட்டத்தோட 139-வது பிரிவு ஞாயித்துக்கிழமைய ஓய்வு நாளாப் பாதுகாக்குது, இன்னைக்கு இருக்கற அரசியல் சட்டத்துல அது 140-வது பிரிவு வழியா அப்படியே செல்லும். பெரிய ரயில்வே ஸ்டேஷன் உள்ள இருக்கற கடை, பெட்ரோல் பங்க், காலைல சில மணி நேரம் பேக்கரி, சுழற்சில ஒரு மருந்துக்கடை, இவ்வளவுதான் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமையே லிஸ்ட் போட்டு வாங்கிருங்க. தொடர்ந்து லீவு வர்ற ஈஸ்டர், கிறிஸ்துமஸ் வாரத்துல இன்னும் கவனம், ஈஸ்டருக்கு வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் மூடல். நான் இத இப்ப ரொம்ப விரும்பறேன், கடை மூடியிருக்கறதால ஊரே பார்க்லயும் ஆத்தங்கரையிலயும் நடக்குது, கடைல வேலை பாக்கறவங்களும் அவங்க குடும்பத்தோட இருக்காங்க.

உள்ள போனா வண்டிக்கு 1 யூரோ காயின் போடணும். பில் போடறவர் உக்காந்துக்கிட்டே மின்னல் வேகத்துல தள்ளிவிடுவாரு, பையில போட்டுக் குடுக்க ஆள் கிடையாது, பை நீங்க கொண்டு போகணும். வேகமா எடுக்க முடியலன்னா எல்லாத்தையும் வண்டிலயே திரும்பப் போட்டுட்டு ஓரமா வந்து நிதானமா அடுக்குங்க, பின்னாடி நிக்கறவங்க நேரம் போகுதுங்கறதுதான் இங்க கணக்கு. "ஹலோ" சொல்லி ஆரம்பிங்க, "ஷோனன் டாக்" சொல்லி முடிங்க, நடுவுல வானிலை பத்திப் பேச வேண்டாம்.

வால்மார்ட் 1997-ல ஜெர்மனிக்கு வந்துச்சு, 2006-ல 85 கடையையும் மெட்ரோ கம்பெனிக்கு வித்துட்டுக் கிளம்பிருச்சு. தோல்விக்குப் பல காரணம், இங்க ஆல்டி, லிடில் மாதிரி கடைகள்ல விலை அவ்வளவு கம்மி. ஆனா வாசல்ல ஆளு நிறுத்தி சிரிச்சு வரவேத்ததும், பில் கவுண்டர்ல சாமானப் பையில போட்டுக் குடுத்ததும் இங்க நிறைய பேருக்குப் பிடிக்கல. அமெரிக்கால அதே செயல் அன்பு, இங்க "என் சாமான ஏன் தொடறாரு, தெரியாத ஆளு எதுக்கு என்னப் பாத்து சிரிக்கறாரு"ன்னு சந்தேகம். இத்தனைக்கும் ரெண்டு பக்கமும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல.

விலைப் பட்டைல இருக்கறதுதான் கடைசி விலை, 19 சதவீதமோ 7 சதவீதமோ வரி அதுலயே சேந்திருக்கும், அமெரிக்கா மாதிரி கவுண்டர்ல கூடாது. ஆனா பாட்டிலுக்கு டெபாசிட் தனியா ஏறும், ஃபாண்ட்னு பேர், தூக்கிப் போடற பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட், திரும்ப நிரப்பற பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். நசுக்காம கொண்டு போய் கடை வாசல் மிஷின்ல போட்டா சீட்டு வரும், அத பில்லுல கழிப்பாங்க. ரோட்ல குடிச்சா பாட்டில குப்பைத்தொட்டிக்குள்ள போடாதீங்க, பக்கத்துல நிக்க வச்சிட்டுப் போங்க, அதப் பொறுக்கி வாழறவங்க இருக்காங்க, கைய உள்ள விட வேண்டாம்ல.

வாங்கின பொருளத் திருப்பறது: பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்கற அமெரிக்க காஸ்ட்கோ கடைப் பழக்கத்த மறந்துருங்க. கடைல நேரா வாங்கினதப் பிடிக்கலன்னு திருப்ப சட்டத்துல உரிமை இல்ல, கடைக்காரங்க விருப்பம். ஆன்லைன்ல வாங்கினா 14 நாள் உண்டு. கையில எப்பவும் 40, 50 யூரோ பணமா வச்சுக்கோங்க, அமெரிக்க கிரெடிட் கார்டு வாங்காத சின்னக் கடையும் ஹோட்டலும் இன்னும் இருக்கு.

நாலாவது: வெளிய சாப்பிடப் போனா

தண்ணி ஓசி கிடையாது. தண்ணின்னு கேட்டா காசுக்கு பாட்டில் வரும், அதுவும் சோடா மாதிரி கேஸோட வரும், சாதா வேணும்னா "ஷ்டில்"னு சொல்லணும். ஐஸ் நிறையப் போட மாட்டாங்க, கோக் ரீஃபில் கிடையாது.

சர்வர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து எல்லாம் ஓகேவான்னு கேக்க மாட்டாரு, சாப்பிட்டு முடிச்ச உடனே பில்லும் வைக்க மாட்டாரு. அமெரிக்கால பில் சீக்கிரம் வைக்கறது சேவை, இங்க அது கிளம்புன்னு சொல்ற மாதிரி. நீங்களா கூப்பிட்டுக் கேக்கற வரைக்கும் அந்த டேபிள் உங்களோடது. கேட்டா "சேத்தா, தனித்தனியா"ன்னு கேப்பாங்க, நண்பர்களோட போனா அவங்கவங்க சாப்பிட்டத அவங்கவங்க கட்டறது சாதாரணம், நம்ம ஊர் மாதிரி பில்லுக்கு இழுபறி வேண்டாம், அது அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்.

டிப்ஸ் டேபிள்ல வச்சிட்டுப் போறதில்ல. பில் 27.40-ன்னா காசு குடுக்கறப்பவே "30"ன்னு சொல்லிருங்க, அவர் அதுக்கு எடுத்துக்குவாரு. அஞ்சுல இருந்து பத்து சதவீதம் போதும், காபின்னா முழு யூரோவாக்கிட்டா சரி. இருபது சதவீதம் வைக்கலன்னா பாவம்னு அமெரிக்கால மனசு பழகியிருக்கும், அதுக்கு அங்க காரணம் இருக்கு, டிப்ஸ் வாங்கற வேலைக்கு மத்திய அரசு சொல்ற குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991-ல இருந்து மாறல. இங்க சர்வருக்கும் எல்லாருக்கும் ஒரே குறைஞ்சபட்சக் கூலி, 2025-ல மணிக்கு 12.82 யூரோ, 2026-ல 13.90.

பீர் கார்டன்ல நீள மேசைல இடம் இருந்தா தெரியாதவங்க பக்கத்துலயும் உக்காரலாம், "இங்க காலியா"ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். ஷ்டம்டிஷ்னு பலகை வச்ச மேசைல மட்டும் உக்காராதீங்க, அது தினம் வர்ற பழைய ஆளுங்களோடது. க்ளாஸ் தட்டறப்ப ஜூஸா இருந்தாலும் எதிர்ல இருக்கறவங்க கண்ணப் பாருங்க.

அஞ்சாவது: ரோடும் ரயிலும்

சிவப்பு சிக்னல்ல வலது பக்கம் திரும்பற அமெரிக்கப் பழக்கம் இங்க ஆபத்து, சிக்னல் பக்கத்துல பச்சை அம்புக்குறிப் பலகை இருந்தா மட்டும்தான், அதுவும் நின்னு பாத்துட்டு. போர்டு எதுவும் இல்லாத சின்ன முனைல வலது பக்கத்துல இருந்து வர்ற வண்டிக்கு வழி விடணும், அமெரிக்காவோட நாலு பக்க ஸ்டாப் போர்டு இங்க கிடையாது. ஆட்டோபான்ல, அதாவது ஹைவேல, வலது பக்கமா ஓவர்டேக் பண்ணாதீங்க, இடது லேன்ல சாவகாசமா ஓட்டாதீங்க, லிமிட் போர்டு இல்லாத இடத்துல பின்னாடி இருந்து 200-ல வண்டி வரும். அமெரிக்க லைசென்ஸ் குடியேறின நாள்ல இருந்து ஆறு மாசம்தான் செல்லும், அதுக்கப்புறம் எந்த மாநில லைசென்ஸ்ங்கறதப் பொறுத்து நேரா மாத்திக்கலாம், இல்ல டெஸ்ட் எழுதணும். இந்திய லைசென்ஸ் மட்டும் இருந்தா எழுத்தும் ஓட்டறதும் ரெண்டு டெஸ்ட்டும் உண்டு. இத ரெண்டாவது மாசமே ஆரம்பிங்க, தள்ளிப் போட்டா மாட்டிப்பீங்க.

நடக்கறப்ப வண்டியே வரலன்னாலும் சிவப்புல ரோடு தாண்டாதீங்க, முக்கியமா குழந்தைங்க நிக்கறப்ப. யாராவது சத்தமாவே கண்டிப்பாங்க. தெரியாத ஆளு ரோட்ல திருத்தறது அமெரிக்கால சண்டைக்குக் கூப்பிடற மாதிரி, இங்க அது பொது விஷயத்துல எல்லாருக்கும் பொறுப்புன்னு நினைக்கறாங்க. "சரி"ன்னு சொல்லிட்டு நகருங்க, அவங்களும் அதோட விட்டுருவாங்க.

ஸ்டேஷன்ல கேட் இருக்காது, அதனால டிக்கெட் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சா 60 யூரோ அபராதம். தினம் போக டாய்ச்லாண்ட்டிக்கெட் எடுங்க, 2023 மே மாசம் 49 யூரோவுக்கு வந்துச்சு, 2025 ஜனவரில 58 ஆகி 2026 ஜனவரில 63 ஆச்சு, நாடு முழுக்க லோக்கல் ரயில், பஸ், டிராம் எல்லாத்துலயும் ஏறலாம், ஐசிஇ, ஐசி மாதிரி தூர ரயில்கள்ல மட்டும் முடியாது. இது மாசா மாசம் தானாப் புதுப்பிக்கும், நிறுத்தணும்னா அந்த மாசம் 10-ம் தேதிக்குள்ள சொல்லணும். ஜெர்மன் ரயில் நிமிஷம் பிசகாதுன்னு அமெரிக்கால எல்லாரும் சொல்லுவாங்க, அந்த நம்பிக்கைல ஏர்போர்ட்டுக்குக் கிளம்பாதீங்க, 2024-ல தூர ரயில்கள்ல நேரத்துக்கு வந்தது மூணுல ரெண்டு பங்கு கூட இல்ல. ஒரு ரயில் முன்னாடியே போங்க. உள்ள போன்ல மெதுவாப் பேசுங்க, ஸ்பீக்கர்ல ஊருக்கு வீடியோ கால் வேண்டவே வேண்டாம்.

ஆறாவது: ஆபீஸ்

ஜெர்மன்ல டூ, ஸீன்னு ரெண்டு இருக்கு, நம்ம நீ, நீங்க மாதிரியேதான். அமெரிக்காக்காரங்களுக்கு இது தலைவலி, நமக்குப் பிறந்ததுல இருந்து பழக்கம். ஆரம்பத்துல எல்லாரையும் ஸீ, ஹெர் (மிஸ்டர்), ஃப்ரௌ (மிசஸ்)ன்னு கூப்பிடுங்க, பெரியவங்களோ மேல இருக்கறவங்களோதான் டூ சொல்லலாம்னு ஆரம்பிக்கணும். ஐடி கம்பெனில முதல் நாளே டூ வந்துரும், ஆனா பேங்க்லயும் டாக்டர்கிட்டயும் அரசு ஆபீஸ்லயும் பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்டயும் அதக் கொண்டு போகாதீங்க.

அமெரிக்க மேனேஜர் "சூப்பரா பண்ணியிருக்கீங்க, ஒரே ஒரு சின்ன விஷயம்"னு சொல்லி அந்தச் சின்ன விஷயத்துலதான் பெரிய குறையச் சொல்லுவாரு. அந்தப் பாஷைக்குக் காது பழகினவங்களுக்கு ஜெர்மன் மேனேஜர் எல்லார் முன்னாடியும் "இந்தக் கணக்கு தப்பு, இது ஓடாது"ன்னு சொன்னா வேலையே போச்சுன்னு தோணும். அப்படி இல்ல, அவர் வேலையப் பத்தி மட்டும்தான் சொன்னாரு, மதியம் அதே ஆளு உங்கள சாப்பிடக் கூப்பிடுவாரு. நீங்களும் மறுப்பு இருந்தா காரணத்தோட நேரா சொல்லணும், தலையாட்டிட்டு அப்புறம் செய்யாம விட்டாதான் நம்பிக்கை போகும். யாரும் பாராட்டவே மாட்டேங்கறாங்களேன்னு வருத்தம் வரும், குறை சொல்லலன்னா வேலை நல்லா இருக்குன்னு எடுத்துக்கோங்க. இதுக்குப் பழகறதுக்குத்தான் எல்லாத்தையும் விட நாளாகும், ஆனா பழகிட்டா யார் என்ன நினைக்கறாங்கன்னு ஊகிச்சு ஊகிச்சு ராத்திரி தூங்காம இருக்கற வேலை மிச்சம்.

லீவு: அமெரிக்கால சம்பளத்தோட லீவு குடுக்கணும்னு மத்திய சட்டம் எதுவும் இல்ல. இங்க வாரம் அஞ்சு நாள் வேலைன்னா வருஷம் குறைஞ்சது 20 நாள் சட்டப்படி, நிறைய கம்பெனில 28, 30. எடுக்காம சேத்து வைக்கறவங்கள யாரும் மெச்ச மாட்டாங்க, ஜனவரிலயே டீம்ல உக்காந்து யார் எப்ப போறாங்கன்னு காலண்டர்ல போடுவாங்க, ஊருக்குப் போக மூணு வாரம் சேந்தாப்ல கேக்கணும்னா அப்பவே கேளுங்க, தப்பே இல்ல. உடம்பு சரியில்லன்னா அது லீவுக் கணக்குலயே வராது, வேலைக்குச் சேந்து நாலு வாரம் ஆன பிறகு ஒரு நோய்க்கு ஆறு வாரம் வரைக்கும் முழு சம்பளம் கம்பெனியே குடுக்கும். மூணு நாளைக்கு மேல போனா டாக்டர் சர்டிஃபிகேட் வேணும், சில கம்பெனி முதல் நாளே கேக்கும், ஒப்பந்தத்தப் பாருங்க. லீவுல இருக்கறப்ப காய்ச்சல் வந்து டாக்டர் எழுதிக் குடுத்தா அந்த நாள் லீவு உங்களுக்குத் திரும்ப வரும். ஜலதோஷத்தோட ஆபீஸ் வந்து உழைப்பக் காட்டறது அமெரிக்கால பாராட்டு வாங்கித் தரலாம், இங்க எல்லாருக்கும் ஒட்டவச்சிட்டன்னு முகம் சுளிப்பாங்க.

முதல் ஆறு மாசம் பெரும்பாலும் ப்ரோபேட்சைட், அதாவது சோதனைக் காலம், ரெண்டு பக்கமும் ரெண்டு வார நோட்டீஸ்ல விலகலாம். அதுக்கப்புறம் அமெரிக்கா மாதிரி ஒரே நாள்ல அட்டைப்பெட்டில சாமான் எடுத்துட்டுப் போன்னு சொல்றது சுலபம் இல்ல. சாயங்காலம் வேலை முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது, ராத்திரி மெயில் அனுப்பி பதில் எதிர்பாக்காதீங்க.

போட்டோ எடுத்து உடனே போடற பழக்கத்த நிறுத்துங்க. அடுத்தவங்க முகம் இருக்கற படத்த அவங்க சம்மதம் இல்லாம வெளியிடக்கூடாதுன்னு 1907-ல இருந்தே சட்டம் இருக்கு. 2010-ல கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்தப்ப சுமார் 2,44,000 வீட்டுக்காரங்க அவங்க வீட்ட மங்கலாக்கச் சொல்லிக் கேட்டாங்க. டீம் லஞ்ச் படம், குழந்தையோட கிளாஸ் படம், எதுவா இருந்தாலும் கேட்டுட்டுத்தான்.

ஏழாவது: பழக்கம் பிடிக்கறது

பெர்லின்ல இருந்து 1933-ல அமெரிக்காவுக்குப் போன கர்ட் லெவின்ங்கற உளவியல் அறிஞர் 1936-லயே இந்த ரெண்டு நாட்டு மனுஷங்க பத்தி எழுதியிருக்காரு. அமெரிக்கர்கள்ட்ட வெளி அடுக்கு எல்லாம் சுலபமாத் திறக்கும், நடுவுல ஒரு சின்ன அடுக்கு மட்டும் மூடியிருக்கும், ஜெர்மன்காரங்ககிட்ட வெளி அடுக்குலயே கதவு சாத்தியிருக்கும், அதத் தாண்டிப் போனா நெருக்கம் வேகமா வளரும்னு. நான் பாத்த வரைக்கும் அது இன்னைக்கும் சரியாத்தான் இருக்கு. அங்க முதல் வாரமே பக்கத்து வீட்டுக்காரங்க குக்கீஸ் கொண்டு வந்திருப்பாங்க, "ஒரு நாள் லஞ்ச் போலாம்"னு சொல்லியிருப்பாங்க, அந்த ஒரு நாள் வந்ததே இருக்காது. இங்க யாராவது காபிக்குப் போலாமான்னு கேட்டா காலண்டர எடுத்து தேதி கேப்பாங்க, அது நிஜமான அழைப்பு. அதே மாதிரி நீங்களும் சும்மா பேச்சுக்குக் கூப்பிடாதீங்க, அவங்க உண்மையிலேயே வந்துருவாங்க.

கதவத் திறக்க நாமதான் முதல்ல தட்டணும். குடிபோன முதல் வாரம் மேல கீழ பக்கத்து வீட்டு பெல் அடிச்சு, பேர் சொல்லி, ரெண்டு நிமிஷம் நின்னு பேசிட்டு வந்துருங்க, உள்ள போய் உக்கார வேண்டாம். அவங்க இல்லாதப்ப அவங்க பார்சல வாங்கி வைங்க, உங்களுது அவங்ககிட்ட போகும், இப்படித்தான் பல கட்டடத்துல பேச்சே ஆரம்பிக்கும். டாக்டர் வெயிட்டிங் ரூம்ல நுழையறப்ப பொதுவா எல்லாருக்கும் ஒரு வணக்கம், கிளம்பறப்ப ஒரு பை. அப்புறம் ஒரு ஃபெரைன்ல சேருங்க, அதாவது பதிவு பண்ணின சங்கம், செஸ், பேட்மின்டன், பாட்டு, தோட்டம்னு எல்லாத்துக்கும் ஊருக்கு ஊர் இருக்கும், நிறைய இடத்துல சந்தா கம்மி. வாரா வாரம் அதே ஆளுங்களப் பாக்கறப்பதான் இங்க நட்பு வளருது, ஒரு பார்ட்டில பேசி வளர்றதில்ல. ஸ்பாவுக்கோ சௌனாவுக்கோ கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பெரும்பாலான சௌனால ஆணும் பெண்ணும் சேந்து, துணி இல்லாமதான், நீச்சல் உடைக்குக் கூட அனுமதி இல்ல. யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க. கூச்சமா இருந்தா வரலன்னு நேரா சொல்லலாம், பெண்களுக்கு மட்டும்னு டாமன்டாக் நாள் வைக்கற இடமும் உண்டு.

வீட்டுக்குக் கூப்பிட்டா ஏழுன்னா ஏழு, பத்து நிமிஷம் லேட்டாகும்னாலே மெசேஜ் போடுங்க, ஏழுக்கு முன்னாடியும் போகாதீங்க. நிறைய வீட்டுல செருப்பக் கழட்டணும், இதுல அமெரிக்காவ விட நமக்கு நெருக்கம். சாயங்கால சாப்பாடுன்னு கூப்பிட்டு ரொட்டி, சீஸ், ஊறுகாய் மட்டும் வச்சிருந்தா அவமதிப்புன்னு எடுத்துக்காதீங்க, அவங்க வீட்டுல தினமும் ராத்திரி அதுதான்.

பர்த்டேக்கு முன்கூட்டியே வாழ்த்து சொல்லாதீங்க, ஒரு நாள் முன்னாடி சொன்னாக்கூட கெட்ட சகுனம்னு நம்பறவங்க நிறைய, அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ சொல்லுங்க. உங்க பர்த்டே வந்தா அமெரிக்கா மாதிரி டீம் கேக் வாங்கிட்டு வரும்னு காத்திருக்காதீங்க, இங்க யாருக்குப் பர்த்டேவோ அவங்கதான் கொண்டு வரணும். கேசரியோ ரவா லட்டோ செஞ்சு கிச்சன் மேசைல வச்சு, நெய், முந்திரி, பால் இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி பக்கத்துல வைங்க, அலர்ஜி இருக்கறவங்க அதத்தான் முதல்ல தேடுவாங்க.